ஹாரன் முனி

மிசினை இங்கிட்டு வைங்க சார். அந்தப் புளியமரத்தடியில வச்சா நெழலு கெடைக்கும், சத்தம் சரியாக் கெடைக்காது. இங்க, எங்க வீட்டு வாசல்ல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற முனிக்கு நேரா வைங்க. மூணு காலையும் நல்லா ஊனி வைங்க, லாரி போற காத்துல சாஞ்சுரப் போகுது. ஆங், அம்புட்டுத்தான். டிரைவர் தம்பி அந்தத் திட்டுல உக்காரட்டும், நீங்க இந்தச் சேர்ல உக்காருங்க. வெள்ளத்தாயி, சாருக்கு மோர் கொண்டா. என்ன சார் கேட்டீங்க? இந்தக் காதுப் பக்கமாப் பேசுங்க, அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

எம்புட்டுச் சத்தம்னு அதுவே சாயங்காலம் வரைக்கும் பதிஞ்சுக்கிருமா? நல்லது. நல்லாப் பதியட்டும். ஒம்பது மணிக்கு மேலதான் ஓட விடணுமா? அப்ப நேரங்கெடக்கு, இந்த வெவகாரத்த முழுசாக் கேட்டுக்கங்க. போன மாசம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு வந்தேன். எவன் வரப் போறான்னுதான் நெனச்சேன். நீங்க வந்து எறங்கிட்டீங்க. கவர்மெண்டுக்கும் காது இருக்குதான் போல.

இந்தா, கேட்டீங்களா? காதப் பொத்திட்டீங்களே! அது நத்தம் பஸ்ஸு. முனிக்கு முன்னால வரும்போது ஒரு நீட்டு, தாண்டுனதும் சின்னதா ரெண்டு வெட்டு. அது கும்புடு சார். ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கிறவன் கையெடுத்துக் கும்புட முடியுமா? அதான் ஹாரன்ல கும்புடுறான். ரோட்டோரச் சாமின்னா டிரைவருக எல்லாருமே அப்படித்தான். அடிக்காமப் போனா அடுத்த திருப்பத்துல சாமி கேட்டுரும்னு பயம். பகல்னு இல்ல ராத்திரின்னு இல்ல, மணல் லாரி, கல்லு லாரி, டவுன் பஸ்ஸு, கல்யாண வேன், எல்லாமே. போற வேகத்துல சைக்கிள்காரன் கூட மணியடிச்சுட்டுப் போறான்.

இது எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் காரணம். அந்தா, எங்க வீட்ட ஒட்டி, மஞ்சப் பெயிண்ட் அடிச்ச மாடி வீடு. ஈபி மாணிக்கவாசகம். கரண்டு ஆபீஸ்ல கணக்குப் பாத்து ரிட்டயர்டு ஆனவரு. பாத்தா பசுவாட்டம் இருப்பாரு. நம்பிராதீங்க.

நான் ஏர் ஹாரன் மாட்டுறவன் சார். இந்தப் பூட்டிக் கெடக்கிற ஷெட்டுதான் என் பட்டறை. பிரேக்குக்குன்னு வண்டியில ஒரு காத்து டாங்க் இருக்கும்ல, அதுல இருந்து ஒரு டியூப இழுத்து, குழல மாட்டி, டிரைவர் கையில ஒரு சுச்சக் குடுத்துட்டா முடிஞ்சது. பாட்டு வேணும்னா பாட்டு. யானை பிளிறுற மாதிரி வேணும்னா அதுவும் உண்டு. இந்த ரூட்டுல எந்த டிரைவர் புதுசா ஹாரன் அடிச்சாலும், "என்னப்பா, செம்பூரணி விலக்குல சோணைமுத்துகிட்ட மாட்டுனியா?"ன்னுதான் கேப்பாய்ங்க. சட்டப்படி கூடாதுன்னு எனக்கும் தெரியும். எந்தத் தொழில் சார் சட்டப்படி நடக்குது?

அந்தாளு ரிட்டயர்டு ஆகி, அமைதியான எடமா வேணும்னு தேடி, இந்த வீட்ட வாங்குனாரு. பக்கத்துலயே பட்டறை இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? அவரு பாக்க வந்த அன்னைக்கு எனக்கு லீவு, அதுக்கு நானா பொறுப்பு? குடிவந்த மறுவாரமே வந்து நின்னாரு. "சோணைமுத்து, கொஞ்சம் மெதுவா டெஸ்ட் பண்ணக் கூடாதா?"ன்னாரு. ஹாரன மெதுவா எப்படி சார் டெஸ்ட் பண்றது? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பட்டறையில இருந்த பயலுகளும் சிரிச்சுட்டாய்ங்க. மனுசன் ஒண்ணுமே சொல்லாமத் திரும்பிப் போயிட்டாரு. ஒண்ணுமே சொல்லாமப் போறவனத்தான் நம்பக் கூடாது.

கொஞ்ச நாள்ல பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து எறங்குனாரு, கூடப் போலீஸு. பட்டறையில தொங்குன குழல் பூராத்தையும் அள்ளிட்டாய்ங்க. அள்ளிட்டுப் போனா போகட்டும். ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல, நடுரோட்டுல, வரிசையாப் பரப்பி வச்சு ரோடு ரோலர ஏத்துனாய்ங்க சார். என்னையப் பக்கத்துல நிக்க வச்சு. பேப்பர்காரன் போட்டோ எடுக்குறான். பித்தளைக் குழல் சார், கையால தேச்சு மெருகு ஏத்துனது. அப்பளமா நொறுங்குது. நான் நின்ன எடத்துல அழுதுட்டேன். கண்ணத் தொடச்சுட்டு நிமுந்து பாத்தா, கூட்டத்துல அந்தாளு நிக்கிறாரு, கையில ஒரு கொடையோட. நான் அழுததப் பாத்துட்டாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன் சார். நீ அமைதி தேடித்தானய்யா வந்த? சாகுற வரைக்கும் அது ஒனக்குக் கெடைக்காது.

ஆனா எப்படிச் செய்யிறது? கறுவிக்கிட்டே வீட்ல கெடந்தேன். நான் சத்தம் போட்டா என்னையப் பிடிப்பாய்ங்க. வர்ற போற வண்டி பூராம் தானாச் சத்தம் போட்டா யாரப் பிடிப்பாய்ங்க? இது தோணுன அன்னைக்குத்தான் நான் வயிறாரச் சோறு தின்னேன்.

கெணறு தோண்டும்போது வந்த கல்லு ஒண்ணு கொல்லையில கெடந்துச்சு. துணி தொவைக்கிற கல்லு. ஒரு அமாவாசையன்னைக்கு அதத் தூக்கிட்டுப் போய், அந்தாளு படுக்கிற ரூம் ஜன்னலுக்கு நேர் எதுத்தாப்புல, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நட்டேன். எங்க வீட்டுக்கும் அது நேருதான், ஒட்டுன வீடுதான. மஞ்சளப் பூசி, குங்குமம் வச்சு, ஒரு சூலாயுதத்த வெல்டு பண்ணிப் பக்கத்துல குத்துனேன். காலையில டீக்கடையில, பஸ் ஓட்டுற தவமணிகிட்ட லேசா அவுத்து விட்டேன். "போன மழைக்கு இந்தத் திருப்பத்துல செங்கல் லாரி கவுந்துச்சே, ஏன்னு தெரியுமா? முனிக்கு ஹாரன் அடிக்காமப் போயிருக்கான்." அந்த லாரிக்காரன் குடிச்சிருந்தான்னு ஊருக்கே தெரியும். தவமணிக்கும் தெரியும். ஆனா மறுநாள் அவன் பஸ்ஸு திருப்பத்துல வரும்போது ஒரு நீட்டு நீட்டுச்சு பாருங்க, எனக்கு ஒடம்பே புல்லரிச்சுப் போச்சு.

அப்பறம் நான் ஒண்ணுமே செய்யல சார். தானா வளந்துச்சு. ஒருத்தன் தகரக் கூரை போட்டான். ஒருத்தன் மணி கட்டுனான். குறி சொல்ற கோடாங்கி மொக்கச்சாமி நானே பூசாரின்னு வந்து உக்காந்துட்டான். வேண்டுதல் பலிச்சதுன்னு ஒரு லாரிக்காரன் பழைய ஹாரனக் கொண்டாந்து கட்டித் தொங்க விட்டான், அதுல இருந்து ஹாரன் கட்டுறதே நேத்திக்கடன் ஆயிப் போச்சு. பேரே ஹாரன் முனி. என் பட்டறையில நசுக்குனது கொஞ்சந்தான். அங்க தொங்குறதப் பாருங்க, எந்த இன்ஸ்பெக்டராவது ரோலர ஏத்தட்டும் பாப்போம்!

அந்தாளு ஒரே ஒரு நாள் வந்தாரு. "சோணைமுத்து, இந்த முனி எப்ப இருந்து இங்க இருக்கு?" "எங்க தாத்தா காலத்துல இருந்து சார்"னேன். என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்துட்டுப் போயிட்டாரு. அவரு வாசல்ல உக்காந்து பேப்பர் படிக்கிறது நின்னு போச்சு. மாடியில செடி வளத்தாரு, அங்கிட்டும் ஏறுறது இல்ல. எனக்கு அதப் பாக்கப் பாக்கக் குளுகுளுன்னு இருந்துச்சு. ஆனா லேசுப்பட்ட ஆளா அவரு? மதுரையில இருந்து ஆள வரவழச்சு அந்த ரூமுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டு, ஏசி மாட்டிட்டாரு. உள்ள உக்காந்தா குண்டு வெடிச்சாலும் கேக்காதாம். இது துரோகமில்லையா சார்? நான் பாடுபட்டு ஒண்ணச் செஞ்சு வைக்க, அவரு காசக் குடுத்துக் கதவச் சாத்திக்கிட்டாரு.

எங்களுக்கா? எனக்கு என்ன சார், ஹாரன்லயே பொழச்சவன், காதும் மந்தம், போட்டாத் தூங்கிருவேன். என் வீட்டுக்காரி வெள்ளத்தாயிதான் பஞ்ச அடைச்சுக்கிட்டுப் படுப்பா. "ஒங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேக்குதுல்ல"ன்னு பொலம்புவா. பொம்பளைக எதுக்குத்தான் பொலம்பல? இந்தா, மோரக் குடுத்துட்டு எப்படி முறைச்சுட்டுப் போறா பாருங்க. குடிங்க சார்.

இப்பத்தான் சார் விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, நாகஜோதி. திருப்பூர்ல கட்டிக் குடுத்தேன். வருசக்கணக்கா வயித்துல ஒண்ணும் தங்கல. ஏறாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. இந்த வருசந்தான் கடவுள் கண்ணத் தொறந்தாரு. தலைப்பிரசவம், நம்ம வீட்லதான. பொம்பளப்புள்ள. அப்படியே எங்க ஆத்தா மொகம். அஞ்சு மாசம் எங்ககிட்ட இருக்கட்டும்னு சம்பந்தகாரவுகள்ட்டச் சொல்லி, ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க கூட்டிட்டு வந்தேன்.

வந்த அன்னைக்கு, தொட்டில்ல புள்ளையப் போட்டுட்டு நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். புள்ள தூங்குது. திடீர்னு ரெண்டு கையும் விரிச்சு, வெரல் பூராத்தையும் விரிச்சு, தூக்கி வாரிப் போட்டுச்சு சார். மொகம் அப்படியே செவந்து, மூச்சு நின்ன மாதிரி ஆகி, அப்பறம் வீல்னு அழுகுது. எனக்கு ஒண்ணும் புரியல. "என்னாச்சு, எறும்பு கடிச்சிருச்சா?"ன்னேன். நாகஜோதி என்னைய ஒரு மாதிரியாப் பாத்து, "அப்பா, லாரி ஹாரன் அடிச்சுச்சுப்பா, ஒங்களுக்குக் கேக்கலையா?"ன்னா. அப்பறம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் அந்தக் கை விரியுது. எனக்கு ஹாரன் கேக்குறதுக்கு முந்தி அந்தக் கை விரியிறதுதான் தெரியுது. வெளிய போய் நின்னுட்டேன்.

புள்ள தூங்காததால பால் குடிக்கல, எளைக்க ஆரம்பிச்சிருச்சு. "மருமகளையும் புள்ளையையும் கூட்டிட்டு வந்துருவோம்"னு திருப்பூர்ல இருந்து சம்பந்தியம்மா போனப் போட்டுட்டாக. நான் நேரா டீக்கடைக்குப் போய் உள்ளதப் போட்டு ஒடச்சேன். "ஏப்பா, இந்த முனிய நட்டதே நாந்தாம்ப்பா. அது எங்க வீட்டுத் துணி தொவைக்கிற கல்லு. சாமியுமில்ல பூதமுமில்ல, எடுத்துருவோம்." எல்லாரும் என்னையவே பாக்குறாய்ங்க. மொக்கச்சாமி அப்படியே எந்திரிச்சு என் கையப் பிடிச்சு, "உக்கார எடம் தேடி, ஒன் கையப் பிடிச்சு வந்திருக்குய்யா சாமி. நீ என்னமோ நீயா நட்டேன்ங்கிற!"ன்னான். தவமணி காலத் தொட்டுக் கும்புடுறான். இந்த வருசத்துல இருந்து எனக்குத்தான் மொத மரியாதையாம். நான் வேணாம்னுதான் சொன்னேன். மாலையப் போட்டுட்டாய்ங்க, கழட்டவா முடியும்?

சரி, எடுக்கத்தான் விட மாட்டாய்ங்க, எடமாவது மாத்துவோம், கண்மாய்க்கரைக்குக் கொண்டு போயிருவோம்னு மொக்கச்சாமிய மடக்குனேன். "சாமிகிட்டப் பூக்கட்டிப் போட்டுக் கேட்டுருவோம்"னான். ஒங்களுக்குத் தெரியுமா சார்? ஒரு பொட்டலத்துல வெள்ளப் பூ, ஒண்ணுல செவப்புப் பூ. சாமி முன்னால போட்டு, கேள்வியக் கேட்டு, ஒரு சின்னப் புள்ளைய எடுக்கச் சொல்றது. வெள்ளைன்னா சம்மதம், செவப்புன்னா சம்மதமில்ல. மொத மரியாதைக்காரன்னு பூக்கட்டுற வேலை எனக்கு வந்துச்சு. நான் விடுவேனா? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ள அரளியவே வச்சுக் கட்டிட்டேன். எத எடுத்தாலும் முனி கெளம்பியாகணும்.

ஊரே கூடிருச்சு. "கண்மாய்க்கரைக்கு வாரியா?"ன்னு கேக்கணும், அதுதான் பேச்சு. மொக்கச்சாமி சூடத்தக் காட்டுறான். அந்த நேரத்துல அவனுக்குப் பயம் பிடிச்சுக்கிருச்சு சார். சாமி மூஞ்சிக்கு நேரா எந்திரிச்சுப் போறியான்னு கேக்க அவனுக்கு நாக்கு வரல. "அப்பனே, நீ இந்த எடத்துலயே இருக்கப் பிரியமா?"ன்னு கேட்டுப்புட்டான். புள்ள எடுத்துச்சு. வெள்ள அரளி. பொம்பளைக கொலவை போடுறாக. ரோட்டுல நின்ன வண்டி பூராம் ஒண்ணா ஹாரன் அடிக்கிது. நான் என்னன்னு சொல்ல? அடுத்த பொட்டலத்தப் பிரிச்சுப் பாருங்கடான்னு சொல்ல முடியுமா? எல்லாரோடயும் சேந்து நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தாளு வீட்டம்மா, சரோஜினி டீச்சர், செவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு, "நாகஜோதி, எங்க ரூம்ல சத்தமே கேக்காதும்மா, கொழந்தையக் கொண்டாந்து போடு"ன்னாக. நான் பாஞ்சு போனேன். "எவ வீட்டுப் புள்ள எவ வீட்டுக்குப் போறது? என் பொணத்தத் தாண்டித்தான் போகணும்"னு கத்துனேன். வெள்ளத்தாயி என் மூஞ்சியக் கூடப் பாக்கல. தொட்டிச் சேலைய அவுத்துச் சுருட்டி அக்குள்ல வச்சுக்கிட்டு, மகளக் கையில பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா.

அந்த ரூம்ல புள்ள அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குதாம். பால் குடிக்கிதாம். ஒடம்பு தேறிருச்சாம். எல்லாம் "தாம்"தான் சார், நான் எங்க பாத்தேன்? அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். இவளும் ராத்திரி அங்கதான் படுக்குறா. பகல்ல வந்து சோத்தப் பொங்கி வச்சுட்டு ஓடிருவா. அந்தாளு கையில எம்பேத்திய வச்சுக்கிட்டு ரூமுக்குள்ள நடக்குறது கண்ணாடி வழியாத் தெரியும். வாய் அசையிறது தெரியும், என்ன சொல்லிக் கொஞ்சுறாருன்னு கேக்காது. ரெட்டைக் கண்ணாடியில்ல! போன வாரம் மககிட்டச் சொல்லி விட்டிருக்காரு, "அப்பாவையும் வரச் சொல்லும்மா, ஹால்ல ஒரு கட்டில் சும்மா கெடக்கு"ன்னு. அதுக்கு என்னையச் செருப்பக் கழட்டி அடிச்சிருக்கலாம்.

அதுக்குத்தான் சார் மனு. முனியக் கெளப்ப முடியாது, ஹாரனயாவது நிப்பாட்டுங்க. போர்டு வைங்க, கேமரா வைங்க, அடிக்கிறவன் லைசென்ஸப் பிடுங்குங்க. கவர்மெண்டு சொன்னா முனி கோவிச்சுக்காது, டிரைவரு சாக்குச் சொல்லிக்கிருவான். இந்த வாசல்ல சத்தம் நிக்கணும், எம்பேத்தி எங்க வீட்டுத் தொட்டில்ல தூங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

நடக்குமா சார்? அளவு கூடுதலா வந்தாக் கண்டிப்பா நடக்குமா? ஒலி எழுப்பக் கூடாத எடம்னு போர்டு போட்டு, போலீஸும் நிக்குமா? ஐயா, நீங்க நல்லா இருக்கணும். ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும். மொத ஆளா என் மனுவப் பாத்து ஓடி வந்தீங்களே...

என்ன சார்?

இந்தக் காதுல சொல்லுங்க. என் மனு இல்லையா? பின்ன யாரு?

மாணிக்கவாசகமா?

எப்ப குடுத்தாரு? நேர்ல வந்து ஒங்க ஆபீஸ்ல உக்காந்தாரா? வாரம் தவறாம வந்தாரா? சரி. என்னன்னு சொன்னாரு? சும்மா சொல்லுங்க சார், என்ன வார்த்தை சொன்னாரோ அப்படியே சொல்லுங்க.

"எங்க வீட்ல ஒரு கைக்கொழந்தை இருக்கு"ன்னா?

எங்க வீட்லயா? எங்க வீட்லன்னா சொன்னாரு? பக்கத்து வீட்டுப் புள்ளைன்னு சொல்லல? சோணைமுத்து பேத்தின்னு சொல்லல? எங்க வீட்டுக் கொழந்தை!

ஆக, என் குழல நசுக்குன மாதிரி என் முனி வாயையும் கட்டிட்டேன்னு அவருக்குப் பேரு. ஊர்ல நாளைக்கு என்ன பேசுவாய்ங்க? மாணிக்கவாசகம் மனுப் போட்டாரு, ஹாரன் நின்னுச்சும்பாய்ங்க. எம்மக அவருக்குக் கும்புடு போட்டு நன்றி சொல்லுவா. எம்பேத்தி பெரிசானதும் இந்தக் கதைய அவளுக்கு யாரு சொல்லுவா? அந்தாளு சொல்லுவாரு!

மணி என்ன சார்? ஒம்பது ஆயிருச்சா? ஓட விட்டாச்சா? லைட்டு எரியுதே.

அப்ப நல்லாக் கேட்டுக்கங்க. இங்க சத்தமே இல்ல. இது அமைதியான எடம். நான் இம்புட்டு நேரம் சொன்னது பூராம் மறந்துருங்க, எனக்குக் கொஞ்சம் மூளை சரியில்ல, ஊர்ல யார வேணாக் கேளுங்க. முனி பேர்ல சும்மா எரிச்சல்ல அந்தாளு இல்லாததச் சொல்லியிருக்காரு. தள்ளுங்க சார், வழிய விடுங்க. அந்தா கல்லு லாரி வருது.

ஏய்! டேய்! அடிக்காத! கையை எடு, கையை எடு! நான் சோணைமுத்துடா! மொத மரியாதைக்காரன் சொல்றேன், சாமி ஒறங்குது, சாமிக்கு ஒடம்பு சரியில்ல, பொத்திக்கிட்டுப் போடா!

போயிட்டான் பாத்தீங்களா? ஒரு முணுமுணுப்பு இல்ல. நான் சொன்னாக் கேப்பாய்ங்க சார், என் பேச்சு எடுபடும். இந்தா அடுத்தது தவமணி பஸ்ஸு. தவமணி! அடிக்காத! முனி உத்தரவு! பின்னால வர்றவய்ங்ககிட்டயும் சொல்லிரு!

என்ன சார் அங்கிட்டுத் திரும்பிப் பாக்குறீங்க? ஜன்னலத் தொறக்குறாகளா? ரெட்டைக் கண்ணாடியையுமா? எம்மகளா அது? நான் ரோட்டுல நின்னு கைய ஆட்டுறதக் கண்டுட்டு எட்டிப் பாக்குறா. பாக்கட்டும். அவ மடியில புள்ள முழிச்சிருக்கா, தூங்குதா? இங்க இருந்து எனக்குச் சரியாத் தெரியல. நீங்களே பாத்துச் சொல்லுங்க, கை விரியுதா?

விரியலையா?

விரியாது. நான் இங்க நிக்கிறேன்ல. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். நாளைக்கு வந்து வச்சாலும் நாளைக்கும் நிப்பேன். நீங்க எத்தன நாளைக்கு மிசின வச்சாலும் இந்தத் திருப்பத்துல ஒரு ஹாரன் கேக்காது. அந்தாளு குடுத்த மனு பொய்யின்னு ஆகுற வரைக்கும் நான் இந்த ரோட்ட விட்டு எறங்க மாட்டேன். எழுதுங்க சார், சத்தம் இல்லன்னு எழுதுங்க.